கொடைக்கு வில்லா, செண்டையா, கானமேளாவா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது ஆண்டுத் திருவிழாவுக்கு, இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வரி பிரித்தாகிவிட்டது. பந்தல்காரருக்கு அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. தோவாளையில் பூவுக்கும் சொல்லியாகிவிட்டது. முடியாமல் கிடப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கலைக்குழுவை அழைப்பது? மூன்று கூட்டம் போட்டோம், மூன்றும் சண்டையில் முடிந்தன. கடைசிக் கூட்டத்தில் கோவில் தலைவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ பதினான்கு வருடம் கீபோர்டு வாசித்தவன். எல்லாவற்றையும் எடைபோட்டு எழுதிக் கொண்டு வா, வாசித்துக் காட்டு. அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம்" என்றார். அப்படி எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள ஊர்களில் பாதிக் கமிட்டிகளுக்கு இதே தலைவலி இருக்கும்.

பணக் கணக்கு எளிது. கலைநிகழ்ச்சிக்கு ஒதுக்க முடிந்த தொகையில் பெரிய கானமேளா, அதாவது சினிமாப் பாட்டுக் கச்சேரி, ஒன்று வரும். அது வேண்டாமென்றால் முப்பது பேர் செண்டை அடித்து ஆடும் சிங்காரி மேளமும், வில்லடித்துக் கதை பாடும் வில்லுப்பாட்டு பேருக்கு இரண்டு மணி நேரமும் வரும். அதுவும் வேண்டாமென்றால் திங்கள் இரவு அம்மனை அழைக்கும் குடியழைப்பு முதல் செவ்வாய் நள்ளிரவுச் சாமக்கொடை வரை முழு வில்லுப்பாட்டும், புதன் மாலைக்கு ஐந்து பேர் கொண்ட சின்னக் கானமேளாவும் வரும். நையாண்டி மேளம் இந்தக் கணக்கில் சேராது. நாகசுரமும் தவிலும் பம்பையும் இல்லாமல் தீபாராதனை நடக்காது, சாமியும் இறங்காது. அதில் கைவைக்க எந்தக் கமிட்டிக்கும் தைரியம் கிடையாது.

பையன்களுக்குக் கானமேளா வேண்டும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருப்பவர்களுக்குச் செண்டை வேண்டும். போனில் படம் பிடித்து அங்கே இருக்கும் நண்பர்களுக்கு அனுப்ப அதைவிடக் கண்ணுக்கு நிறைவான காட்சி கிடையாது. பாட்டாக்களுக்கு, அதாவது தாத்தாக்களுக்கு, வில்லு வேண்டும். பெண்களுக்கு என்ன வேண்டும் என்று முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் கேட்கவில்லை.

நான் வளர்ந்த இடம் கானமேளா. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், அதனால் அதைத்தான் அதிகம் திட்டுவேன்.

மதுரைப் பக்கம் போனால் இன்னிசைக் கச்சேரி என்பார்கள், ஆர்க்கெஸ்ட்ரா என்பார்கள். நம் மாவட்டத்துக்கு அது கானமேளாதான். சொல்லே மேற்கிலிருந்து வந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. இன்றும் கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடை ஏறினால் தமிழ்ப் பாட்டு நான்குக்கு மலையாளப் பாட்டு இரண்டாவது பாட வேண்டும். யேசுதாஸ் பாட்டு ஒன்று இல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் வண்டி வரைக்கும் வந்து விசாரிப்பார்கள்.

நான் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் மேடையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருப்போம். கீபோர்டு இரண்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபலா, ரிதம் பேட், புல்லாங்குழல், பாடுபவர்கள் நான்கைந்து பேர். இன்றைய பெரிய கானமேளாவில் மேடை அதைவிடப் பெரியது, விளக்கு பத்து மடங்கு, ஆனால் வாசிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மீதியை லேப்டாப் வாசிக்கிறது. பாடல்களின் பின்னணி இசையை முன்பே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அதன் தாள ஓசையை டிரம்ஸ்காரர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடிப்பார். கேட்பவருக்குப் பாட்டு சினிமாவில் வந்தது போலவே இருக்கும். ஒரு வயலின்கூட இல்லாத மேடையிலிருந்து முப்பது வயலின் கேட்கும்.

இதில் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடுகிற பதிவோடு ஒட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் பிசகாமல் வாசிப்பது விளையாட்டு அல்ல. ஆனால் அந்தத் திறமை முழுவதும் பதிவுக்குக் கீழ்ப்படிவதில் போய்விடுகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. என் கடைசி வருடங்களில் ஒரு கோவில் மேடையில் நடந்தது இது. பாடகர் நல்ல பாடகர், அன்று காய்ச்சலோடு வந்திருந்தார். இரண்டாம் சரணத்தை மறந்து நேராகப் பல்லவிக்குத் தாவிவிட்டார். ஆட்கள் மட்டும் வாசித்திருந்தால் அரை நொடியில் நாங்களும் கூடவே தாவியிருப்போம். கேட்பவருக்குத் தெரிந்தே இருக்காது. பதிவு தாவாது. அது தன்பாட்டுக்குச் சரணத்துக்கு முன்வரும் புல்லாங்குழலை ஊதிக்கொண்டிருந்தது. அவர் பல்லவி, அது குழல். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்று மேடையை இடமிருந்து வலமாகத் தேடிவிட்டு அம்மாவிடம் கேட்டான்: "குழல் ஊதுகிறவர் எங்கே?" மைக் அந்தப் பக்கம் இருந்ததால் ஒலிபெருக்கியிலேயே அது கேட்டது. எனக்கு அன்றைக்கே கானமேளா முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன்.

பெரிய கானமேளாவுக்கு எதிராக இன்னொரு கணக்கும் உண்டு. அவர்கள் மேடை ஏறி, சவுண்டு சரிபார்த்து, ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. திருவிழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. நம் ஊர்க் கொடைக்கு அந்தத் தளர்வு கிடைக்கும் என்று நம்பி அச்சாரம் கொடுக்க முடியாது. ஆக, ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஓர் ஊரின் வரிப்பணம்.

சின்னக் கானமேளா வேறு சாதி. கீபோர்டு, பேஸ், தபலா, பாடுபவர் இருவர், லேப்டாப் இல்லை. ஐந்து பேர் வாசித்தால் சத்தம் மெலிந்திருக்கும், உண்மைதான். அதே நேரம் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பதின்மூன்று பேரில் ஒருவன் தப்பாக வாசித்தால் மற்ற பன்னிரண்டு பேர் மூடிவிடுவார்கள்; ஐந்து பேரில் ஒருவன் சும்மா இருந்தால் அதுகூடக் காதில் விழும்.

எனக்கு இதைப் பாடமாகச் சொல்லித் தந்தவர் ஒரு பேஸ் கிட்டார் அண்ணாச்சி. புதிதாகச் சேர்ந்த காலத்தில், தெரிந்ததையெல்லாம் ஒரே பாட்டில் கொட்டுவேன். வலது கையில் மெட்டு, இடது கையில் கீழ்ச்சுரங்கள், இடையில் எனக்கே பிடித்த அலங்காரம். தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் வந்து, என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி என் மடியில் வைத்தார். "அது என் வேலை, தம்பி." அவ்வளவுதான் சொன்னார். கை மடியிலேயே இருந்தது. அப்போதுதான் தபலாவின் இடது முகம் கும் என்று விழுவது எனக்கு முதல்முறையாகக் கேட்டது. இரண்டு வருடமாக அதன் மேல் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

சின்னக் குழுவின் இன்னொரு வசதி, கேட்ட பாட்டைப் பாட முடியும் என்பது. கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும், பட்டியலில் இல்லாத பழைய பாட்டாக இருக்கும். பாடகர் மெதுவாக முதல் வரியை முணுமுணுப்பார், நான் சுருதியைத் தேடிப் பிடிப்பேன், தபலாக்காரர் இரண்டாம் வரியில் சேர்வார். பத்தில் மூன்று தடவை குளறுபடி ஆகும். ஒருமுறை முந்தைய பாட்டை ஒரு கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு ஏற்ற ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியவன், அதை எடுக்க மறந்துவிட்டேன். சீட்டில் வந்த அடுத்த பாட்டை எடுத்தவுடன் பாடகர் தொண்டை மேலே மாட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், மறுபடி எடுக்கச் சொன்னார்கள், கடைசிவரை கூடவே பாடினார்கள். லேப்டாப் வந்த பிறகு அப்படி யாரும் எங்களோடு சேர்ந்து பாடியதாக நினைவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி செண்டை. கூட்டத்தில் ஒருவர் "அது நம்முடையது அல்ல, கேரளத்துச் சரக்கு" என்றார். அந்த வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போகும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு செண்டையை அந்நியம் என்று சொல்வது அழகல்ல. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் போன்ற இடங்களின் வழிபாட்டு முறையே அந்தப் பக்கத்து முறைதான்.

பிரச்சினை செண்டையில் இல்லை, எந்தச் செண்டை என்பதில்தான் இருக்கிறது. மத்திய கேரளத்துப் பெரிய கோவில்களில் வாசிக்கும் பஞ்சாரி மேளத்தை ஒருமுறையாவது முழுதாக நின்று கேட்க வேண்டும். 96 அட்சரத்தில், அதாவது 96 எண்ணிக்கையில், தொடங்கும் தாள வட்டம். அடுத்த காலத்தில், அதாவது அடுத்த கட்டத்தில், 48, பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் வட்டம் பாதியாகச் சுருங்குகிறது, ஓட்டம் கூடுகிறது. அவ்வளவுதான் சங்கதி, ஒரு குழந்தைக்கு விரல்விட்டுச் சொல்லித் தந்துவிடலாம். ஆனால் அந்த 96ஐ அவசரப்படாமல் சுமக்க நூறு பேரும் ஒரே ஆளாக மூச்சு விட வேண்டும். முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு எப்போது நம் கை உயர்ந்தது என்று நமக்கே தெரியாது. கொம்பும் குழலும் இலைத்தாளமும் ஒவ்வொரு வட்டத்தின் முடிவையும் அறிவிக்கும்போது ஆயிரம் கைகள் சேர்ந்து மேலே போகும்.

நம் ஊர்களுக்கு வருவது அது இல்லை, சிங்காரி மேளம். முப்பது பேர், ஒரே நிறச் சட்டை, கழுத்தில் செண்டை, அடித்துக்கொண்டே குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள். பிரபலமான பாட்டுகளின் தாளத்தை எடுத்து விடுவார்கள். முதல் பத்து நிமிடம் நெஞ்சுக்கூடு அதிரும். குறுகலான தெருவில் ஊர்வலத்துக்கு முன்னால் அது வந்தால் திண்ணையில் இருக்கும் கிழவிகூட எழுந்து வாசலுக்கு வருவாள். ஆனால் அடிகளும் ஆட்டமும் முன்பே சேர்த்துவைத்தவை. எங்கே குனிய வேண்டும், எந்த அடியில் குதிக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் முடிந்துவிட்டது. ஊர்வலம் நகர்வதால் தெருவுக்குத் தெரு ஆட்கள் மாறுகிறார்கள், அதே பத்து நிமிடம் புதிதாகவே இருக்கிறது. கோவில் முற்றத்தில் நின்று இரண்டு மணி நேரம் வாசித்தால், நாற்பதாவது நிமிடத்தில் கூட்டம் சுக்குக்காப்பிக் கடைக்குப் போய்விடும். இதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்தாகிவிட்டது.

ஆகவே சிங்காரி மேளம் ஊர்வலத்துக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும். முப்பது பேரும் வேண்டாம். நம் தெருவின் அகலத்துக்குப் பன்னிரண்டு பேர் வரிசையாக வந்தாலே பின்னால் வரும் பால்குடம் இடிபடும்.

நடுவில் ஒன்று. கடற்கரை ஊர் ஒன்றிலிருக்கும் என் பழைய தபலாக்காரர், அவர்கள் தேவாலயப் பங்குத் திருவிழாவிலும் இதே வழக்கு என்று போனில் புலம்பினார். அங்கே போட்டி ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பேண்டு செட்டுக்கும். அவருக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: தேர்ப்பவனிக்குப் பேண்டு செட்தான். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் நடந்துகொண்டே ஊதக்கூடியவை, மின்சாரம் கேட்காதவை, தேர் நின்றால் நிற்கும், நகர்ந்தால் நகரும். தேர் ஒரு வீட்டு முன் நிற்கும்போது அந்த வீட்டில் சமீபத்தில் இறந்தவருக்குப் பிடித்த பாட்டை எடுக்கத் தெரிந்த கிளாரினெட்காரர் இருந்தால் வேறென்ன வேண்டும்?

வில்லுப்பாட்டை எடைபோடுவதுதான் கடினம். ஏனென்றால் நல்ல வில்லுக்கும் மோசமான வில்லுக்கும் இடையே உள்ள தூரம் மற்ற எதிலும் இல்லை.

கருவிகளைப் பாருங்கள். முற்றிய பனை வைரத்தில் ஒரு வில், அதில் தொங்கும் மணிகள், வில்லின் முதுகோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. நாணை அடிக்க இரண்டு வீசுகோல். மேடையே வேண்டாம், இரண்டு மர பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேலே பாய் விரித்தால் போதும். சுரம் என்று பார்த்தால் நான்கைந்துக்குள் பெரும்பாலான மெட்டு அடங்கிவிடும். சங்கீதம் படித்த ஒருவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று எழுந்து போகலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் போனேன், கீபோர்டில் எல்லா இராகமும் என் விரலில் இருக்கிறது என்று நம்பிய வயதில்.

இருப்பது எங்கே என்றால், பாட்டை நடத்தும் அண்ணாவிக்கும் எதிரே இருப்பவர்களுக்கும் நடுவே. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்று வரிசை மாறாது. முத்தாரம்மன் கதையோ இசக்கியம்மன் கதையோ, கேட்பவர்களுக்கு அது அண்ணாவிக்குத் தெரிந்த அளவுக்கே தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எப்படிச் சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருக்கிறார்கள். பாட்டு ஏட்டில் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே வரும் பேச்சு ஏட்டில் இல்லை. அங்கேதான் அந்த ஊர்க் குளம் வரும், வரப்புச் சண்டை வரும், நேற்றுப் பெய்த மழை வரும். வலத்தே இருப்பவர் "ஆமா" என்று கேட்கும் அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்து கவனித்தால் ஒரு பகல் போய்விடும். சந்தேகப்படும் ஆமா, பயந்த ஆமா, "சீக்கிரம் சொல்" என்று இடிக்கும் ஆமா. வில்லுப்பாட்டைக் கையில் எடுத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்த ஒழுகினசேரி இதே நாகர்கோவிலில்தான் இருக்கிறது. அவர் பேச்சில் இருந்த அந்த இடைவெளி, சிரிப்பு வருவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவது, வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எவருக்கும் புதிதல்ல.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர்க் கொடையில், மதியக்கொடைக்குப் பாடியவர் ஒரு பெண் அண்ணாவி. ஐம்பது வயதிருக்கும். நம் பக்கத்தில் பெண்கள் தலைமை ஏற்கும் வில்லுக் குழுக்கள் நிறையவே உண்டு. கதை அம்மன் பிறப்புக்கு வந்துகொண்டிருந்தது. நான் குடக்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயை அறைந்து, மறுகையால் அதன் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் குடத்தில் இல்லை. பந்தல் தூணில் சாய்ந்து நின்ற கோமரத்தாடியின், அதாவது சாமியாடியின், கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மண்ணைக் கிளறத் தொடங்கியது. குடத்தின் அறை கொஞ்சம் இறுகியது. அண்ணாவி திரும்பிப் பார்க்கவில்லை, குடத்தைக் கேட்டே புரிந்துகொண்டார். பாடிக்கொண்டிருந்த வரியை முடிக்காமல் அதன் கடைசி இரண்டு சொல்லை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடினார். எட்டு முறை, பத்து முறை. உடுக்கை ஏறியது. வீசுகோல் இரண்டும் நாணில் ஒன்றாக விழுந்தன. பக்கத்தில் அதுவரை சும்மா இருந்த நையாண்டி மேளத்துப் பம்பைக்காரர் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார். அவரை யாரும் அழைக்கவில்லை. கோமரத்தாடி கூவிக்கொண்டு தூணை விட்டு வந்தார். அவர் ஆடி, திருநீறு கொடுத்து, இளநீர் குடித்து உட்காரும்வரை அந்த இரண்டு சொல் நிற்கவில்லை. உட்கார்ந்ததும் விட்ட வரியை விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தார் அண்ணாவி. இரண்டு சொல், நான்கு சுரம். பதினான்கு வருடத்தில் நான் ஒருமுறைகூட அப்படி வாசித்ததில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் எழுதியே ஆக வேண்டும். பாதி வில்லுக் குழுக்கள் இன்று அந்த நிலையில் இல்லை. குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டு வந்துவிட்டது. கதையை அரை மணி நேரம் இழுத்துவிட்டு மீதி நேரம் சினிமா மெட்டில் எதையாவது நிரப்புகிறார்கள். பேச்சில் வரும் நகைச்சுவை சில இடங்களில் காது கூசும். எளிமை என்ற பெயரில் சோம்பல் நடமாடுகிறது. நான்கு சுரத்துக்குள் பாடுவது வேறு, நான்கு சுரம்தான் தெரியும் என்பது வேறு. தெரிந்துகொண்டு விடுபவருக்கும் தெரியாமல் விடுபவருக்கும் உள்ள வித்தியாசம் கதையின் முதல் கால் மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும். ஆனால் அச்சாரம் அதற்கு முன்பே போய்விடுகிறதே.

ஆகவே அழைப்பதற்கு முன் என்ன கேட்பது என்பதைக் கமிட்டிக்குத் தனியாக எழுதிக் கொடுத்தேன். கானமேளாக் குழுவிடம் ஒரே கேள்வி போதும்: லேப்டாப் வருமா? நேர்மையாக "வரும்" என்பவரை மதிக்கலாம்; "எல்லாம் வரும், கவலைப்படாதீர்கள்" என்பவரிடம் மேடையில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று எண்ணிக் கேட்க வேண்டும். அவர்கள் அனுப்பும் வெட்டி ஒட்டிய வீடியோவை நம்பக் கூடாது. ஏதாவது ஒரு கோவிலில் கூட்டத்தில் நின்று யாரோ போனில் எடுத்த, நடுவே குழந்தை அழும் சத்தம் கேட்கும் பதிவு கிடைத்தால் அதைக் கேட்க வேண்டும். செண்டைக் குழுவை ஏதாவது ஊர்வலத்தில் நேரில் போய்ப் பார்த்தால் போதும், பேச்சு வேண்டாம். வில்லுக்கு மட்டும் நாம் கேள்வி கேட்கக் கூடாது. பேசாமல் இருந்து, அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பணத்தையும் சாப்பாட்டையும் மட்டும் கேட்டால் வேறு ஆளைத் தேடலாம்.

என் முடிவு மூன்றாவது வழிதான்: முழு வில்லும் சின்னக் கானமேளாவும். வில்லுக்கு நள்ளிரவில் ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் குறை இல்லை. சாமக்கொடைக்குப் பந்தலுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும், குடமும் உடுக்கையும் அவ்வளவு தூரம் தாராளமாகப் போகும். கானமேளாவைப் புதன் மாலை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடலாம்.

கூட்டத்தில் வாசித்தேன். பையன்களில் ஒருவன், "ஐந்து பேர் என்றால் கல்யாண வீடு மாதிரி இருக்குமே, அண்ணே" என்றான். இருக்கும், அதில் தப்பில்லை என்றேன். அவன் முகம் தெளியவில்லை. பிறகு சீட்டு அனுப்பினால் கேட்ட பாட்டைப் பாடுவார்கள் என்று சொன்னதும் பின்வரிசையில் இருந்த பெண்கள் பக்கம் முதன்முறையாகச் சத்தம் எழுந்தது. ஒரு அக்கா, இருபது வருடமாகத் தனக்கு ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை, கானமேளாக்காரர்கள் பட்டியலைக் காட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டால் சொல்லவில்லை, சீட்டில்தான் எழுதுவாராம். செண்டைக் கட்சிக்காரரான துபாய் மாமா, பால்குட ஊர்வலத்துக்கு மட்டும் பன்னிரண்டு பேரைத் தன் செலவில் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டு சமாதானமானார். படம் பிடிக்க அது போதும். முப்பது பேர் வந்தால்தான் மரியாதை என்று அவர் தம்பி கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்னும் அவர் என்னோடு பேசவில்லை.

மறுநாள் தலைவரும் நானும் வெற்றிலை பாக்குத் தட்டோடு அந்தப் பெண் அண்ணாவியின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் பாய் போட்டு உட்காரவைத்தார். தேதி கேட்டார், எந்த அம்மன் என்று கேட்டார், அம்மன் இருக்கும் நிலையம் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று கேட்டார். கோவில் எப்படி வந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தலைவர் சொல்லச் சொல்ல ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"உங்கள் கோமரத்தாடிக்கு வயது என்ன, அண்ணாச்சி?"

"அறுபத்தெட்டு" என்றார் தலைவர்.

"உடம்பு எப்படி?"

"நன்றாகத்தான் இருக்கிறார். இடது முழங்காலில் மட்டும் வலி. போன வருடம் ஆடி முடித்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார்."

அண்ணாவி நோட்டில் அதையும் எழுதினார். "சரி. மதியம் நான் அதிகம் இழுக்க மாட்டேன். சாமத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்."